மினி பஸ் நீளத்தில் ஓர் ஓவியம்

நத்தத்திலிருந்து மதுரைக்கு வரும் சாலை, ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலத்தில் ஏறித் தல்லாகுளத்தில் இறங்குகிறது. இறங்கிய இடத்துக்கு அருகிலேயே தமுக்கம். அங்கே நாயக்கர் காலத்து அரண்மனை ஒன்றில், 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணி, ரத்தக் கறையோடு, கண்ணாடிப் பெட்டிக்குள். அந்தத் துணியின் புகைப்படம் யார் கைபேசியிலும் ஒரு நொடியில் வந்து விழும். ஆனாலும் பஸ் ஏறி வந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பெட்டியின் முன் சற்று நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்கள் இருந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'படத்தில் பார்த்தால் போதாதா?' என்று யாரும் கேட்பதில்லை. அதே கேள்வியை ஓவியத்தைப் பற்றி மட்டும் நாம் கூச்சமில்லாமல் கேட்கிறோம். நியூயார்க்கிலோ டெல்லியிலோ சென்னையிலோ ஒரு நவீன ஓவியத்தின் அசலைப் பார்க்க ஒருவர் கிளம்பினால், அது காசுள்ளவரின் பொழுதுபோக்கு. அல்லது படம் எடுத்துப் போட்டுக்கொள்ள ஒரு சாக்கு. இந்த எண்ணம் தவறு என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். காந்தியின் துணி முன் நிற்பதும் ஓவியத்தின் முன் நிற்பதும் ஒன்றல்ல. ஒரு பேச்சுக்கு, அதே போன்ற இன்னொரு துணியை அச்சு அசலாகச் செய்து வைத்துவிட்டால், விஷயம் தெரியாதவரை நம் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் படாது. அங்கே வேலை செய்வது நம்பிக்கை. ஓவியத்துக்குப் பதில் அச்சிட்ட படத்தை மாட்டிவைத்தாலோ, அருகில் போய் நிற்கும் கண் கண்டுபிடித்துவிடும். இயந்திரத்தால் நகலெடுக்கத் தொடங்கியதும் கலைப்படைப்பைச் சுற்றியிருந்த ஒளிவட்டம் உதிர்ந்துவிட்டது என்று 1930களில் எழுதினார் ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின். அதில் அவருக்கு வருத்தம் மட்டும் இல்லை, ஓரளவு வரவேற்பும் இருந்தது. எனக்கும் அந்த ஒளிவட்டம் தேவையில்லை. அசலைப் பார்க்கச் சொல்வது அது புனிதம் என்பதால் அல்ல. நகலில் ஏறாத சேதி அதில் இருக்கிறது என்பதால்.

நத்தம் வட்டாரத்தில் இதை விளக்கப் பாடுபட வேண்டியதில்லை. ஆயத்தச் சட்டை தைப்பது இங்கே பெரிய தொழில். துணியை விரலிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் விலை பேசும் தையல்காரர் உண்டா? மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவர், வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பி முன்பணம் கொடுப்பாரா? கைக்கும் கண்ணுக்கும் எட்டும் சேதி படத்தில் முழுதாக வராது என்பது தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு ஓவியம் என்றதும் நம்மைவிட்டுப் போய்விடுகிறது.

படத்தில் முதலில் காணாமல் போவது அளவு. டாலி 1931-ல் வரைந்த, உருகி வழியும் கடிகாரங்கள் கொண்ட ஓவியத்தை விளம்பரங்களிலும் நையாண்டிப் படங்களிலும் பார்க்காதவர்கள் குறைவு. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அதன் அசல், 24 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர்தான். ஏ4 தாளைவிடச் சற்றே பெரிது. அதே கூடத்தில் 1981 வரை பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஸ்பெயினுக்குத் திரும்பிய பிக்காசோவின் 'குவெர்னிகா'வோ உயரத்தில் மூன்றரை மீட்டர், நீளத்தில் ஏறத்தாழ 7.8 மீட்டர், நம் கிராமங்களுக்குப் போகும் மினி பஸ் ஒன்று பக்கவாட்டில் நிற்கும் நீளம். ஒன்று, கிட்டே குனிந்து ரகசியம்போல் பார்க்க வேண்டியது. மற்றொன்று, 1937-ல் குண்டு வீசி அழிக்கப்பட்ட ஊரை ஒரு சுவர் முழுக்க நிறுத்தி, நம்மைச் சிறியவர்களாக்குவது. அலறும் குதிரை தலைக்கு மேலே நிற்கிறது; கண்ணை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுபோகக் கழுத்தைத் திருப்ப வேண்டும், நாலு எட்டு நடக்கவும் வேண்டும். கைபேசியில் இரண்டும் ஒரே அகலம், உள்ளங்கை அகலம். எத்தனை விரல்கடை உயரம் என்பதும் ஓவியர் எடுத்த முடிவுதான். நிறத்தைப் போல, கோட்டைப் போல அதுவும் ஓவியத்தின் பகுதி. அதை அழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுவதுதான் நகல்.

அடுத்தது மேற்பரப்பு. வான்கோ 1889-ல் வரைந்த 'நட்சத்திர இரவு' படத்தில் சுழலும் வானம் நமக்கு மனப்பாடம். அசலில் அந்தச் சுழல்கள் நிறத்தால் மட்டும் ஆனவை அல்ல. வண்ணம் தடித்து, புடைத்து, தூரிகை போன தடம் வரப்பைப் போல எழுந்து நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் விளக்கொளி அந்த வரப்புகளில் பட்டு நிழல் விழும். அச்சில் இதெல்லாம் தட்டை. நம் ஊர் உதாரணம் வேண்டுமென்றால் கே.எம். ஆதிமூலம். திருச்சி மாவட்டத்துக் கீரனூரில் 1938-ல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டான 1969-ல் அவர் வரைந்த காந்திக் கோட்டோவியங்களையும், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு ஜூனியர் விகடனில் வரைந்த படங்களையும் தமிழ் வாசகர்கள் நகலாகவே அறிவார்கள். அதில் பெரிய குறை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கறுப்பு மை, வெள்ளைத் தாள், அழுத்தமான கோடு: அச்சு இயந்திரத்துக்கு இதைவிட இணக்கமான கலை கிடையாது. ஆனால் அதே ஆதிமூலம் பிற்காலத்தில் உருவங்களை விட்டுவிட்டு வெறும் வண்ணப் பரப்புகளாக எண்ணெய் ஓவியங்கள் வரைந்தார். அவற்றை ஒரு வார இதழின் பக்கத்தில் அச்சிட்டால், சுண்ணாம்பு உரிந்த சுவரைப் படம் எடுத்ததுபோல இருக்கும். ஒரே கலைஞரின் ஒரு பாதி நகலில் பிழைக்கிறது, மறு பாதி செத்துப்போகிறது. தமிழ் வாசகர்களுக்குக் கோட்டோவிய ஆதிமூலம் தெரிந்த அளவுக்கு வண்ண ஆதிமூலம் தெரியாமல் போனதற்கு ரசனைக் குறைவைக் காரணம் காட்ட வேண்டாம். வந்து சேர்ந்த வழி அப்படி. (பத்திரிகைகளும் இதில் குற்றவாளிகளே. இந்தக் கட்டுரையோடு படம் வந்தாலும் அதுவும் நகல்தான்.)

நவீன ஓவியத்துக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல இது. திண்டுக்கல்லுக்கு வடக்கே தாடிக்கொம்பில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களில் உலகளந்தவர், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், அகோர வீரபத்திரர், ரதி, மன்மதன் என்று பெரிய பெரிய உருவங்கள் கல்லை விட்டு வெளியே வந்து நிற்கின்றன. புகைப்படம் எடுப்பவர் ஏதாவது ஒரு இடத்தில் நின்றாக வேண்டும். சிற்பி அப்படி ஒரு இடத்துக்காகச் செதுக்கவில்லை. மண்டபத்துக்குள் நடந்து வருபவருக்காகச் செதுக்கினார். இரண்டடி நகர்ந்தால் தூக்கிய கால் இன்னும் கொஞ்சம் தூக்கியதாகிறது, மறைந்திருந்த கை ஒன்று வெளியே வருகிறது. அழகர் மலைக்கு அந்தப் பக்கம் அழகர் கோயில் வசந்த மண்டபத்திலோ ராமாயண ஓவியங்கள் தலைக்கு மேலே விரிகின்றன. அண்ணாந்து, நடந்து, கதையைத் தொடர வேண்டும். கழுத்து வலிப்பதுகூட அந்தப் பார்வையின் பகுதிதான். பேராசிரியர்கள் எழுதிய புத்தகத்தில் அதே படங்கள் வரிசையாக, நேராக, தெளிவாக இருக்கும். ஆராய்ச்சிக்கு அது மேல். பார்ப்பதற்கு?

அசலைப் பார்ப்பது வெறும் ரசனை நுணுக்கம், அதனால் உலகில் எதுவும் மாறிவிடாது என்று ஒருவர் சொல்லலாம். அம்ரிதா ஷேர்கில்லின் கதை அதற்குப் பதில். பாரிஸில் பயின்று 1934-ல் இந்தியா திரும்பிய அவர், 1936-ன் கடைசியில் தெற்கு நோக்கிப் பயணம் கிளம்பினார். அஜந்தா குகைகளுக்குள் நின்றார், கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டார், கன்னியாகுமரிவரை வந்தார். அடுத்த ஆண்டே அவர் தூரிகையிலிருந்து மூன்று தென்னிந்திய ஓவியங்கள் வந்தன: மணமகள் அலங்காரம், சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார், பிரம்மச்சாரிகள். பாரிஸில் கற்ற உடற்கட்டும் அஜந்தாவின் மண் நிறமும் அவற்றில் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. வெள்ளை வேட்டி கட்டி அமர்ந்திருக்கும் அந்தப் பிரம்மச்சாரிகள் இன்று டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தில் இருக்கிறார்கள். இந்திய நவீன ஓவியத்தின் ஒரு முக்கியத் திருப்பம், ஒரு பெண் சில மாதம் சுவர்களின் முன் நின்றதால் நேர்ந்தது. அஜந்தாவுக்கு அதற்கு முன்பே நகல்களும் எடுத்திருந்தார்கள். அவற்றின் கதி வேறு: மதராஸ் ராணுவத்தைச் சேர்ந்த ராபர்ட் கில் ஏறத்தாழ இருபது ஆண்டு உழைத்து எடுத்து லண்டனுக்கு அனுப்பிய நகல்களில் பெரும்பாலானவை 1866-ல் கிரிஸ்டல் பேலஸ் தீ விபத்தில் எரிந்துபோயின.

எனக்கு எதிரான வாதங்களில் மிக வலுவானது நகலின் ஜனநாயகம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதும், அவர் தீட்டிய லட்சுமியும் சரஸ்வதியும் அரண்மனைகளை விட்டு இறங்கி, ஓலைக் குடிசைகளின் சுவரில் குடியேறினார்கள். பின்னாளில் கோவில்பட்டியில் இருந்து கொண்டையராஜு தீட்டிய தெய்வங்களைச் சிவகாசி காலண்டர்கள் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. கோயிலுக்குள் கால் வைக்க அனுமதி இல்லாத மக்களின் வீட்டுக்குள்ளும் சாமி வந்தது அச்சுப் படமாகத்தான். அசல், சாதியின் பூட்டுக்குள் இருந்த காலத்தில் நகல் யாரிடமும் குலம் கேட்கவில்லை. இப்படிப்பட்ட நகலை மட்டமாகப் பேசுபவர் யார் பக்கம் நிற்கிறார்? நியாயமான கேள்வி. ஆனால் வரலாறு அந்த இடத்தோடு முடியவில்லை. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு நுழைந்தவர்கள், காலண்டரில் மீனாட்சி இருக்கிறாளே, போதாதா என்று யோசிக்கவில்லை. நகல் கையில் இருந்தும் அசலுக்கான வாசலைத் திறக்கச் சொன்னார்கள். 'உனக்கு இது போதும்' என்று பிறர் சொல்வதில் உள்ள அவமானம் அவர்களுக்குத் தெரியும். ஓவியத்துக்கும் அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். நகல் எல்லாருக்கும் கிடைப்பது நல்லது. நகல் மட்டும்தான் சிலருக்கு என்றால், அது இன்னொரு விதப் பூட்டு. சாதிக்குப் பதில் தூரம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் இருக்கின்றன. நத்தத்திலிருந்து அதற்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர்.

இன்னொரு மறுப்பு நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசாவைப் பார்க்கப் போனவர் பார்ப்பது, உயர்த்திப் பிடித்த நூறு கைபேசிகளைத்தான். 77 சென்டிமீட்டருக்கு 53 சென்டிமீட்டர் ஓவியம் குண்டு துளைக்காத கண்ணாடிக்கு அப்பால் தபால்தலை மாதிரித் தெரிகிறது. வீட்டுக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் வண்ணத்தில் விழுந்த வெடிப்புகூடத் தெரியும் என்கிறார்கள். உண்மைதான். அந்த ஒரு ஓவியத்துக்கு நான் வாதாட மாட்டேன். 1911-ல் அது திருடுபோனபோது வெறும் சுவரைப் பார்க்கவே கூட்டம் வரிசையில் நின்றது. அங்கே போகிறவர் தேடுவது ஓவியத்தை அல்ல, புகழை. புகழ் பார்க்கும் கூட்டத்தை வைத்து ஓவியம் பார்க்கும் பழக்கத்தை எடைபோட முடியாது. திருவிழா அன்று கருவறை முன் நெரியும் கூட்டத்தைக் காட்டி, சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் தாடிக்கொம்புத் தூண்களை யாரும் நிம்மதியாகப் பார்க்க முடியாது என்று சொல்வதுபோல் ஆகும். பெரிதாக்கும் வசதியிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. வெடிப்பைப் பார்க்கும்போது முகம் போய்விடுகிறது, முகத்தைப் பார்க்கும்போது வெடிப்பு போய்விடுகிறது. அசலின் முன் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு எட்டு.

'இதை எங்கள் வீட்டுப் பிள்ளையே கிறுக்கும்' என்ற பழைய கேலிக்கு நான் கொஞ்சம் மெதுவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பார்த்தது நகலைத்தான். கோவையில் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். எழுத்துபோல் இருந்தும் படிக்க முடியாத எழுத்து, ஜாதகக் கட்டம், கணக்கு, சின்னச் சின்ன உருவங்கள். சிறிதாக அச்சிட்டால் கணக்குப்பிள்ளையின் பழைய நோட்டு மாதிரி இருக்கும். படிக்க முயன்று, முடியாமல், விட்டுவிடுவோம். பெரிய துணிப் பரப்பாக எதிரே நின்றால் படிக்க வேண்டும் என்ற பதற்றம் அடங்கி, எழுத்து வெறும் நிறமும் தாளமுமாக மாறத் தொடங்குகிறது. கட்டத்தின் அர்த்தம் தெரியாமலே ஜாதகத்தை மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அது அந்நியமே இல்லை. அவரும் மாணவர்களும் 1966-ல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில் எழுந்து நின்றது. அந்த இயக்கத்தின் படைப்புகளுக்கென்றே 2009-ல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே படைப்புகள் உள்ள கலைஞர்களில் பி.வி. ஜானகிராம், உலோகத் தகட்டைத் தட்டி உருவம் எழுப்பியவர். மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்து வளர்ந்த கண் அதன் முன் தடுமாறாது. நவீனக் கலை நமக்கு மேற்கிலிருந்து வந்த சரக்கு, அதற்குப் பழக்கம் இல்லை என்பவர்கள் அந்தத் தகடுகளை நேரில் ஒருமுறை பார்க்கட்டும்.

பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை இல்லாத ஊரில் ஓவியக் கூடம் கேட்கலாமா என்பது கடைசி மறுப்பு. கழிப்பறை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 2023 ஜூலை 15 அன்று மதுரை புது நத்தம் சாலையில், இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தை அரசு திறந்தபோது இந்தக் கேள்வி தடையாகவில்லை. படிப்பு என்றால் செலவு செய்யலாம் என்று ஒப்புக்கொண்ட சமூகம் இது. பார்ப்பதும் கற்க வேண்டிய ஒன்று என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மக்கள் வர மாட்டார்கள் என்பார்கள். அதே ஆண்டு மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில், 'ஆதன்' என்று கீறிய உடைந்த பானை ஓட்டைப் பார்க்க எப்படி வந்தார்கள்? ஒரு விரல் நீள எழுத்துக்காகக் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நிற்கும் மக்கள், ஆதிமூலத்தின் காந்தி முன் நிற்க மாட்டார்கள் என்று நாமே முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்? ஐம்பது அசல் ஓவியங்களைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து மூன்று மாதம் மாட்டிவைக்கப் பெரிய மாளிகை வேண்டாம். வெயில் நேரே விழாத அறை, ஈரம் ஏறாத சுவர், தாளில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸைத் தாண்டாத மங்கலான விளக்கு, காவலுக்கு ஆள். தமுக்கத்திலேயே ஆரம்பிக்கலாம்; ரத்தக் கறைத் துணிக்குப் பக்கத்து அறையில் காந்திக் கோட்டோவியங்கள்.

அதுவரை நத்தத்தார் நவீனக் கலையின் அசல் எதையும் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னைக்குச் சுற்றுலா போய் மெரினாவில் இறங்கிய எல்லாரும் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளியை நடத்திய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வார்த்து, 1959 ஜனவரி 25 அன்று நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலைதான் அது. இந்திய நவீனச் சிற்பங்களில் முதல் வரிசையில் வைக்கப்படுவது. டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்திலும் அதே உருவம் நிற்கிறது. நம் கண்ணுக்கு அது பஸ் நிறுத்தத்துக்கு அடையாளம், மே தின மாலைக்கு ஒரு பீடம். முன்னாலிருந்து எடுத்த படத்தில் நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள், அவ்வளவே. பக்கவாட்டில் போனால் பாரம் எந்த ஆளின் தோளில் இறங்கியிருக்கிறது, யாருடைய கால் வழுக்கப் பார்க்கிறது என்று பிரித்து அறியலாம். இன்னும் சுற்றி வந்தால் நாலு முதுகும் நாலு விதமாக வளைந்திருப்பது தெரியும். கடலைப் பார்க்க ஓடும் குழந்தைகளைக் கொஞ்சம் நிறுத்திவைத்து, சிலையை ஒரு சுற்று சுற்றிக் காட்ட ஐந்து நிமிடம் ஆகும். சீட்டு வாங்க வேண்டியதில்லை.